கடைசிப் பாட்டின் சுருதி

ஓய்வு பெற்ற பிறகும் என்னைத் தேடி ஆள் வருகிறது. பெரும்பாலும் இளம் ரெக்கார்டிஸ்டுகள். ஒரு கம்ப்யூட்டரும் ஒரு மைக்கும் வைத்துக்கொண்டு படுக்கையறையிலேயே ஸ்டூடியோ நடத்துகிற பிள்ளைகள். காபி குடிப்பார்கள், மைக் எப்படி வைப்பது, கேபிள் எப்படிச் சுற்றுவது என்று ஏதாவது கேட்பார்கள். சுற்றி வளைத்துக் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வருவார்கள்.

"அண்ணே, 'கழிமுகம்' ஆல்பத்துல அந்தக் கடைசிப் பாட்ட ஏன் அவ்ளோ எறக்கி வச்சீங்க? பழைய கேசட்டுல எங்கியோ போவாரே எட்வின் சாரு. வயசாயிடுச்சுன்னா?"

"ஆமாம்பா, வயசுதான்" என்று சொல்லி அனுப்பிவிடுவேன். உண்மை அதுவல்ல. வெளியே சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தேன். போன மாதம் சம்பந்தப்பட்டவர்களே கூப்பிட்டு, "எழுதிக்கோ மணி, இனிமே இன்னா இருக்கு" என்றார்கள். அதனால் எழுதுகிறேன்.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காட்டுமன்னார்கோயிலில் மைக் செட் வைத்திருந்த என் மாமாவிடம் தொழில் பழகினேன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு அலைந்த அந்த வருஷங்களில் உருப்படியாகக் கற்றது ஒன்றுதான். கரண்டின் முனகல். எர்த் சரியில்லாத வீட்டில் ஒலிபெருக்கியைப் போட்டால் அடித்தொண்டையில் 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம் வரும். தொழிலில் அதற்கு ஹம் என்று பெயர். நம் ஊர் கரண்டு நொடிக்கு ஐம்பது தடவை அலைகிறது. அந்த முனகலும் ஐம்பதிலேயே நிற்கும். வீராணத்து ஏரிக்கரையிலும் அதே சுருதி, கடலூர் கலெக்டர் ஆபீஸிலும் அதே சுருதி. பாடகர் பிசகுவார், வீணை பிசகும், இது பிசகாது. தெருக்கோடியில் ஹம் அடித்தாலும் என் காதுக்குக் கேட்டுவிடும். தான் கூப்பிடுவது மட்டும் கேட்பதில்லை என்று என் மனைவிக்கு இன்றைக்கும் குறை.

பிறகு கடலூர் வந்து, திருப்பாதிரிப்புலியூரில் மளிகை மொத்தக்கடை ஒன்றின் மாடியிலிருந்த ஸ்டூடியோவில் சேர்ந்தேன். அங்கேயே கடைசிவரை இருந்தேன். ஜெபக்கூட்டப் பாட்டு, அம்மன் பாட்டு, நகைக்கடைக்காக ஆட்டோவில் போடும் விளம்பரம், பள்ளி ஆண்டுவிழா டான்ஸுக்கு வெட்டி ஒட்டுவது, இவைதான் எங்கள் சோறு. தேர்தல் வந்தால் கட்சிப் பாட்டு. காலையில் ஒரு கட்சிக்கு உருகி உருகிப் பாடியவர், மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து எதிர்க்கட்சிக்கும் அதே உருக்கத்தோடு பாடிவிட்டுப் போவார். நாங்கள் கண்டுகொள்வதில்லை.

பெரிய முதலாளி போன பிறகு அவர் மகன் சேகர் பொறுப்புக்கு வந்தான். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன். ஆள் இருக்கும்போது நான் அவனை முதலாளி என்பேன், இல்லாதபோது தம்பி என்பேன். அவன் எப்போதும் அண்ணே என்றுதான் கூப்பிடுவான். கருவி எதையும் அவன் தொட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் அவனுக்கென்று ஒரு முறை இருந்தது. ஒரு பாட்டு முடிந்தால் உள்ளே உட்கார்ந்து கேட்க மாட்டான். கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய், மாடிப்படியில் பாதி இறங்கி, தெருவைப் பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். கீழே மூட்டை இறக்குகிறவர்களின் கூச்சல், ஷேர் ஆட்டோ ஹாரன், எல்லாவற்றுக்கும் நடுவில் கதவிடுக்கு வழியாக வருவதைக் கேட்பான். சரியாக இருந்தால் மேலே வந்து, "டீ சொல்லவா?" என்பான். சரியில்லை என்றால் வர மாட்டான். அங்கேயே நிற்பான். நாங்கள் ஒன்றும் கேட்காமல் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்போம்.

ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன். "உள்ள ஒக்காந்தா நம்ம ஒழைப்புதான் காதுல வுழுது அண்ணே. வெளிய நின்னாதான் பாட்டு வுழுது" என்றான்.

2009-இல் மழைக்காலம் முடிந்த சமயம். எட்வினும் பழனிவேலும் அந்த மாடிப்படி ஏறி வந்தார்கள். இருவரும் எழுபதுகளின் கடைசியில் அண்ணாமலை நகரில் ஒரே ஹாஸ்டலில் இருந்தவர்கள். எட்வின் கடலூர் முதுநகர்க்காரர். அந்தக் காலத்திலேயே எலக்ட்ரிக் கிடாரைப் பிடித்துக்கொண்டு தமிழில் ராக் பாடியவர். 'உப்பங்கழி' என்று நான்கு பேர் குழு. அதில் ஒருவர் இறந்துவிட்டார், இரண்டு பேர் வெளிநாடு போய்விட்டார்கள். பழனிவேல் குழுவில் இல்லை. எங்கள் காட்டுமன்னார்கோயில் பக்கத்து விவசாயக் குடும்பம், எலக்ட்ரிக்கல் படித்தவர், இன்ஜினியராக வேலை பார்த்தவர். ஆனால் உப்பங்கழி என்ற பெயர் இன்றைக்கும் நாலு பேர் வாயில் இருக்கிறதென்றால் அதற்கு அவர்தான் காரணம். ஹாஸ்டல் விழாவில் அவர்கள் பாடியதைத் தன் சின்ன டேப் ரெக்கார்டரில் பிடித்துவைத்தவர் அவர். அந்த ஒரு கேசட்தான் பிரதிக்குப் பிரதியாகி, ஹாஸ்டல் ஹாஸ்டலாகப் போய், பிறகு கம்ப்யூட்டருக்குள்ளும் போனது.

அதைக் கேட்டவர்கள் எல்லாரும் ஒன்றையே சொல்வார்கள். முதல் பாட்டில் எட்வின் சாதாரணமாகத்தான் ஆரம்பிப்பார். போகப்போகக் குரல் ஏறும், தாளமும் சூடு பிடிக்கும். கடைசிப் பாட்டு 'வள்ளம் திரும்பலை' வரும்போது ஆள் தரையில் இல்லை. முடித்துவிட்டு மூச்சு வாங்க "தேங்க்யூ" என்பார் பாருங்கள், அதுகூடப் பையன் குரலில், உணர்ச்சி தாங்காமல் கீச்சென்று வரும். பழனிவேல் இதை எங்களிடம் கை காலை ஆட்டிச் சொன்னார். எட்வின் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முப்பது வருசமா வாயத் தொறக்கல இவன். சர்ச்சுல கூட புஸ்தகத்தப் புடிச்சிக்கினு சும்மா நிப்பான். இப்ப தொறக்க வெக்கிறேன் பாருங்க" என்றார் பழனிவேல். செலவெல்லாம் பழைய ஹாஸ்டல் நண்பர்களுடையது. பழைய பாட்டுகளும் புதிய பாட்டுகளுமாக 'கழிமுகம்' என்று ஒரு ஆல்பம். கடைசியில் அந்தக் கேசட்டிலிருந்தும் ஒரு பாட்டைச் சுத்தம் செய்து சேர்க்க வேண்டும்.

மற்ற பாட்டுகள் சுலபமாகவே போயின. அப்போது தினமும் கரண்டை நிறுத்துவார்கள். அந்த நேரம் தெரிந்திருந்ததால் அதற்குத் தக்கபடி ஒரு பாட்டை ஆரம்பிப்போம். ரயில் போகும் சமயம் நிறுத்துவோம். டிரம்ஸுக்கும் பேஸ் கிடாருக்கும் புதுச்சேரியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். எட்வின் குரலில் துரு இருந்தது, ஆனால் அந்தத் துருவே நன்றாக இருந்தது. சேகர் ஒவ்வொரு தடவையும் மேலே வந்து டீ சொன்னான்.

'வள்ளம் திரும்பலை'யில் மாட்டிக்கொண்டோம்.

கேசட்டில் இருந்த சுருதியிலேயே பாட வேண்டும் என்பது எட்வினின் பிடிவாதம். கிடாரின் கழுத்தில் சுருதி ஏற்றும் கிளிப்பை இரண்டு கட்டம் மேலே மாட்டினார். முதல் சரணம் வரை தள்ளாடி வந்தார். மேலே போகும் இடத்தில் குரல் இரண்டாகப் பிளந்தது. மறுபடி. மறுபடியும் பிளந்தது. அடுத்த நாள் வெந்நீர், பனங்கற்கண்டு, மிளகு எல்லாம் ஆனது. அதே கதை. சேகர் படியிலேயே நின்றான்.

"சார், கீழ பாடிடுங்க. கம்ப்யூட்டர்ல ஏத்திக்கலாம். யாருக்கும் தெரியாது" என்று கடைசியில் அவனே வந்து சொன்னான்.

எட்வின் கிடாரைக் கழற்றிப் பெட்டியில் வைத்தார். "எனுக்குத் தெரியும்ல தம்பி" என்றார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். "அந்த ஒரு நாளுதான் மணி அது வந்துச்சு. கேசட்டு பரவுனதும் எல்லா எடத்துலயும் கூப்டாங்க. போற எடத்துலல்லாம் அதையே கேட்டாங்க. நானும் எட்டிப் புடிக்கப் பாத்தேன், முடியல. இதே கடலூர்ல ஒரு மேடையில சரணத்துல ஒடஞ்சிடுச்சு. கேசட்டுல இருக்கறவன் எங்கடான்னு ஒருத்தன் கத்துனான். ஊரே சிரிச்சுது. அப்ப கிடார கீழ வெச்சதுதான்."

பழனிவேல் தலையைக் குனிந்துகொண்டார். "வேற பாட்டெல்லாம் போதும்டா மச்சான்" என்று மெதுவாகச் சொன்னார். "அது இல்லாம ஆல்பம் எதுக்கு? வேணாம், வுட்டுடு" என்று எட்வின் படி இறங்கிப் போய்விட்டார். எனக்கு மனசே ஆறவில்லை. அந்த மனுஷன் முப்பது வருஷத்துக்குப் பிறகு வாயைத் திறந்ததற்கு நாங்கள் செய்த மரியாதை இதுதானா என்று இருந்தது.

ஆல்பம் நின்றுபோனாலும் கேசட்டைச் சுத்தம் செய்கிற வேலை என் கையில் இருந்தது. சும்மா இருக்கப் பிடிக்காமல் அதில் 'வள்ளம் திரும்பலை'யை எடுத்தேன். பழைய பதிவில் ஹம்மை நீக்குவது எப்படி என்று சொல்கிறேன். அந்த முனகல் எந்த எண்ணில் இருக்கிறதோ அந்த இடத்தை மட்டும் கம்ப்யூட்டரில் குறிவைத்து வெட்ட வேண்டும். ஊசியால் முள் எடுக்கிற மாதிரி வேலை. இடம் தப்பினால் பாட்டின் சதையும் சேர்ந்து வந்துவிடும். அன்றைக்கு அந்த ஹாலில் கிடார் ஆம்ப்ளிஃபயர் நன்றாகவே முனகியிருக்கிறது. என் கை பழக்கத்தில் ஐம்பதுக்குப் போனது. வெட்டினேன். முனகல் போகவில்லை.

கணக்கில் ஏதோ தப்பு என்று மறுபடி பார்த்தேன். முனகல் ஐம்பத்தாறில் இருந்தது.

கரண்டு ஐம்பத்தாறுக்குப் போகாது. போனால் ஊர் தாங்காது. முதல் பாட்டை எடுத்துப் பார்த்தேன், சரியாக ஐம்பது. இரண்டாவது பாட்டில் கொஞ்சம் மேலே. அடுத்ததில் இன்னும் மேலே. இப்படிப் பாட்டுக்குப் பாட்டு ஏறி, 'வள்ளம் திரும்பலை'யில் ஐம்பத்தாறு. எட்வின் குரல் ஏறிய அதே அளவுக்கு கரண்டும் ஏறியிருந்தது. பாடகருக்கு உணர்ச்சி வரும். கரண்டுக்கு வருமா?

பழனிவேலுக்கு போன் போட்டேன். "சார், அன்னிக்கு டேப் ரெக்கார்டர கரண்டுல போட்டீங்களா, பேட்டரியிலயா?"

"பேட்டரிதான். பிளக் எல்லாம் பாடுனவங்களே புடிச்சிக்கிட்டாங்க. நாலு செல்லு போட்டு எடுத்தேன். ஏன் கேக்குறீங்க?"

"சும்மாதான் சார். சுத்தம் பண்றதுக்கு" என்று வைத்துவிட்டேன்.

விஷயம் இவ்வளவுதான். பேட்டரி தேயத் தேய டேப் ஓடும் வேகம் குறையும். மெதுவாக ஓடிய டேப்பில் பதிந்ததைச் சரியான வேகத்தில் போட்டுக் கேட்டால் எல்லாம் வேகமாகும், எல்லாச் சுருதியும் ஏறும். பாட்டு, டிரம்ஸ், கரண்டின் முனகல், "தேங்க்யூ" எல்லாமே. எட்வின் அன்றைக்கு அந்தச் சுருதியில் பாடவே இல்லை. தான் ஒரு நாளும் பாடாத இடத்தை எட்டிப் பிடிக்க முடியாமல்தான் அவர் பாட்டையே விட்டார்.

சேகரிடம் சொன்னேன். "ஜனங்க மயங்குனது அந்தக் கேசட்டுக் குரலுக்குதான் அண்ணே. இப்ப இது பேட்டரி பண்ண வேலைன்னா..." என்று இழுத்தான். பிறகு, "இருந்தாலும் அவருகிட்ட மறைக்கக் கூடாது. போயி சொல்லிட்டு வாங்க" என்றான்.

ஹம் ஐம்பதில் வந்து நிற்கும்வரை அந்தப் பாட்டின் வேகத்தைக் குறைத்து ஒரு சிடியில் எடுத்துக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினேன். எட்வின் அப்போது குடியிருந்தது அண்ணாமலை நகர்ப் பக்கம். பகல் பதினோரு மணி இருக்கும். அவர் மனைவி காபி போட உள்ளே போனார். நான் முன்னுரை ஒன்றும் சொல்லாமல் சிடியைப் போட்டேன்.

தாளம் நிதானமாக வந்தது. பின்னாலேயே கீழ்ச்சுருதியில், கனமாக, லேசான கரகரப்போடு ஓர் இளைஞன் குரல்.

"யாரு இது?" என்றார் எட்வின்.

"நீங்கதான் சார்."

விஷயத்தைச் சொன்னேன். அவர் சட்டென்று நம்பவில்லை. "அன்னிக்கு கிடார ஏத்திக் கட்டியிருப்போம்னு நெனச்சேனே. நாங்க என்னா பெட்டி வெச்சா சுருதி பாத்தோம்? ஒருத்தன் கம்பிய முறுக்குவான், மத்தவன் அதுக்கு ஒத்துப் போவான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு எழுந்து கொல்லைப்பக்கம் போனார். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் நிற்காமல் கேட்டது. அவர் மனைவி வந்து, "என்னா சொன்னீங்க அவுருகிட்ட?" என்று பயந்துபோய்க் கேட்டார். முப்பது வருஷத்தை ஒரு சிடியில் கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன், அவர் என்னை அடித்தாலும் நியாயம்தான் என்று தோன்றியது.

ஈர முகத்தோடு வந்தார். "இன்னொரு தபா போடுங்க" என்றார்.

இரண்டாம் முறை உதடு மட்டும் அசைந்தது. மூன்றாவது வரியில் குரல் வெளியே வந்தது. அந்த இளைஞனும் இந்த ஐம்பது வயதுக்காரரும் ஒரே சுருதியில், ஒருவர்மேல் ஒருவர் உட்கார்ந்த மாதிரிப் பாடினார்கள். மேலே போகும் இடம் வந்தது. குரல் உடையவில்லை. அவர் மனைவி காபி டம்ளரோடு வாசற்படியில் அப்படியே நின்றுவிட்டார். எட்வின் பாட்டை விட்ட பிறகு கட்டிக்கொண்டு வந்த பெண் அவர். "கல்யாணமாயி இத்தினி வருசத்துல இவுரு பாடி இன்னிக்குதான் கேக்குறேன்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கிளம்பும்போது எட்வின் தெருமுனைவரை வந்தார். "பழனிக்குத் தெரிய வேணாம் மணி. அந்தக் கேசட்ட வெச்சுதான் அவன் பெருமப்பட்டுக்கினு இருக்கான். ஏன் எறக்கிப் பாடுறேன்னு கேட்டா வயசாயிடுச்சுன்னு சொல்லிக்கலாம். ஊரும் அப்டியே நெனச்சுக்கட்டும்" என்றார். சரி என்றேன்.

அடுத்த வாரமே பாட்டை எடுத்தோம். கிளிப் இல்லை, கம்ப்யூட்டர் வித்தை இல்லை. முடிந்ததும் வழக்கம்போல் சேகர் வெளியே போனான். போட்டுக் காட்டினேன். பாட்டு முடிந்தும் அவன் மேலே வரவில்லை. எட்வின் முகம் செத்துவிட்டது. கதவைத் திறந்து பார்த்தேன். எப்போதும் நிற்கிறவன் படியில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "டீ சொல்லவா அண்ணே?" என்றான்.

ஆல்பம் அச்சாகப் போகிற சமயம் பழனிவேல் தனியாக வந்தார். கையில் அந்தப் பழைய டேப் ரெக்கார்டர். டேப்பை ஓட்டும் ரப்பர் பெல்ட்டை மாற்றித் தர வேண்டும் என்றார். பிரித்துக்கொண்டிருந்தேன். "அந்தக் கேசட்டுப் பாட்டு சிடியில வேணாம் மணி" என்றார். நிமிர்ந்து பார்த்தேன்.

"நான் எலக்ட்ரிக்கல் படிச்சவன்யா. பேட்டரியான்னு நீ கேட்டப்பவே எனுக்குப் புரிஞ்சுபோச்சு. சாயங்காலம் பூரா அதே பேட்டரில சினிமாப் பாட்டு கேட்டுட்டு, அதையேதான் போட்டு ரெக்கார்ட் பண்ணேன். பாக்கெட்டுல காசு இருந்துது. கடைக்குப் போய்ட்டு வர சோம்பேறித்தனம்." பிரித்து வைத்திருந்த மூடியை எடுத்துத் துடைத்தார். "நான் முன்வரிசையில ஒக்காந்து கேட்டவன். அவன் எப்டிப் பாடுனான்னு எனுக்கே மறந்துபோச்சு பாரு. கேசட்டத்தான் நம்புனேன். எட்வினுக்கு மட்டும் சொல்லிடாத. தெரிஞ்சா என் மொகத்துல முழிப்பானா?"

ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர். நடுவில் இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டு நான். என் பிழைப்பைப் பாருங்கள். சிரிப்பும் வந்தது, சங்கடமாகவும் இருந்தது. பெல்ட்டை மாற்றி, ஓட்டிப் பார்த்து, கொடுத்தனுப்பினேன்.

வெளியீட்டை சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் சாயங்காலம் வைத்தார்கள். மிக்ஸர் பக்கத்தில் நான், பின்னால் கதவுக்கு வெளியே சேகர். முன்வரிசையில் பழனிவேல், மடியில் அந்த டேப் ரெக்கார்டர். இந்தக் காலத்தில் அதை எதற்குத் தூக்கிக்கொண்டு வந்தார் என்று பக்கத்திலிருந்தவர்கள் கேலி செய்தார்கள். எட்வின் ஒவ்வொன்றாகப் பாடிக்கொண்டு வந்தார். கடைசிப் பாட்டுக்கு முன்னால் கிடாரைச் சரிபார்த்தபடி கீழே பார்த்தார்.

பழனிவேல் ரெக்கார்டரைக் கவிழ்த்து, பின்மூடியைத் திறந்து, ஓடிக்கொண்டிருந்த செல்களைக் கழற்றிவிட்டுப் புதிய செல்களைப் போட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றாக, பிளஸ் மைனஸ் பார்த்து.

எட்வின் கை கிடாரில் நின்றுவிட்டது. மண்டபம் காத்துக்கொண்டிருந்தது. அவர் மைக்குக்கு அருகில் வந்தார்.

"டேய் பழனி. இந்தத் தபா புது பேட்டரியாடா?"

சனங்களுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் சிரித்தார்கள். பழனிவேல் மட்டும் சிரிக்கவில்லை. ரெக்கார்டரைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து அவரையே பார்த்தார். பிறகு எழுந்து நின்று, தொண்டை கிழியக் கத்தினார்.

"புதுசுதாண்டா மச்சான்! பாக்கெட்டுல இன்னொரு செட்டும் வெச்சிருக்கேன்! நீ பாடு!"

எட்வின் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு, டிரம்ஸ்காரரைத் திரும்பிப் பார்த்து, ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று எண்ணினார்.